பனி திருப்பிக் கொடுத்தவன்

செவ்வாய்க்கிழமை காலையில் மார்லிஸ் பிளம் பழங்களிலிருந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. பேசியவர் வாலிஸ் மாநிலக் காவல்துறை அதிகாரி. ஒவ்வொரு சொல்லையும் கீழே இறக்கி வைப்பவர்போல மெதுவாகப் பேசினார். ஃபீஷ் ஊருக்கு மேலே, பனியாறு உருகி வற்றிய ஓரத்தில், மலையேறப் போன இருவர் ஒரு மனிதனின் மிச்சங்களைக் கண்டிருக்கிறார்கள். விரலில் மோதிரம் இருந்தது. அதன் உள்பக்கத்தில் ‘மார்லிஸ், 4.5.1985’ என்று பொறித்திருந்தது. பழைய பல் மருத்துவக் குறிப்போடும் ஒத்துப் பார்த்துவிட்டார்கள்.

“உங்க முதல் கணவர் ரெட்டோதாம்மா. சந்தேகமே இல்ல.”

“மோதிரத்தப் போட்டிருந்தாரா?” என்று கேட்டாள் மார்லிஸ். அவளுக்கு அது ஒன்றுதான் கேட்கத் தோன்றியது.

“ஆமாம்மா. விரல்லதான் இருந்துச்சு.”

தன் மோதிரத்தை அவள் முப்பத்தாறு வருடத்துக்கு முன்னாலேயே ஆற்றில் வீசி எறிந்திருந்தாள்.

அவர்களுக்குக் கல்யாணமாகிப் பதினைந்து மாதம் ஆகியிருந்தது. அவளுக்கு இருபத்து மூன்று வயது, அவனுக்கு இருபத்து நான்கு. இருவருக்கும் லாங்கென்டால் ஊரின் பீங்கான் ஆலையில் வேலை. கனடாவில் ஒரு மர ஆலையிலிருந்து ரெட்டோவுக்குக் கடிதம் வந்திருந்தது. வரலாம், இடம் இருக்கிறது என்று. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதை வைத்துச் சண்டை மூண்டது. “நான் எங்கயும் வரமாட்டேன். போறதுன்னா நீ மட்டும் போ” என்றாள் அவள். மறுநாள் காலை அவள் எழுந்தபோது அவனும் இல்லை, அவனுடைய முதுகுப்பையும் இல்லை. சனி ஞாயிறு என்றால் ஏதாவது ஒரு மலைக்குப் போய்விடுகிறவன்தான். எந்த மலை என்று அந்தத் தடவை சொல்லிவிட்டுப் போகவில்லை.

தேடினார்கள். எங்கே தேடுவதென்று யாருக்கும் தெரியவில்லை. கொஞ்ச நாளில் ஆலையில் பேச்சு மாறியது. கனடாவுக்குப் போய்விட்டானாம், இவளோடு வாழப் பிடிக்காமல் கம்பி நீட்டிவிட்டானாம். அவனுடைய அம்மா ஹெட்விக் கடைத்தெருவில் வைத்தே கேட்டாள்: “உன் வாய்தாண்டி என் பிள்ளைய விரட்டிச்சு. இப்போ நிம்மதியா?” மார்லிஸும் ஒரு கட்டத்தில் அதையே நம்பத் தொடங்கினாள். செத்துப்போனான் என்று அழுவதைவிட விட்டுப்போனான் என்று வைவது அவளுக்குச் சுலபமாக இருந்தது.

தினமும் பத்து மணிக்குக் கடிதப்பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பாள். அந்தத் தெருவின் தபால்காரன் ஆல்வின் மிதிவண்டியிலிருந்து இறங்காமலே தலையை ஆட்டுவான். “இன்னைக்கும் இல்லீங்க.” ஒரு வருடம் இப்படிப் போனது. பிறகு ஒருநாள் இறங்கி நின்று சொன்னான்: “இவ்வளவு நாள் ஒரு வரி எழுதாதவன் மனுஷனே இல்லீங்க. அயோக்கியன். அவனுக்காக நீங்க குளிர்ல நிக்காதீங்க.” அன்றுதான் அவள் அவனை உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தாள். காணாமல்போனவன் இறந்தவனே என்று நீதிமன்றம் முடிவு சொன்ன மறுவருடம் இருவரும் மணந்துகொண்டார்கள். அதற்கும் இப்போது முப்பது வருடம் ஆகிவிட்டது.

ஆல்வின் கடையிலிருந்து ரொட்டியோடு வந்தபோது பழங்கள் பாதியில் கிடந்தன. அவள் விஷயத்தைச் சொன்னாள். அவன் ரொட்டியை மேசையில் வைத்தான், திரும்ப எடுத்தான், எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

“பிரிக் ஊருக்கு வரச் சொல்றாங்க. அவனோட சாமான்லாம் அங்க இருக்காம்” என்றாள் மார்லிஸ். “பார்த்துட்டு, அப்படியே ஃபீஷுக்குப் போய் அந்த இடத்தையும் பார்க்கணும். ஒரு ராத்திரி தங்கிட்டு வந்துடுவேன்.”

“நானும் வர்றேன்.”

“வேணாம்.”

“ஓரமா நின்னுக்கிறேன். வாயே திறக்க மாட்டேன்.”

“நீயா? நாய்கிட்டகூட நலம் விசாரிச்சுட்டுத்தான பெட்டியில கடுதாசி போட்ட ஆளு நீ.”

அவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்துபோய்ப் பென்சிலும் தாளும் மூக்குக்கண்ணாடியும் எடுத்து வந்தான். கைபேசியில் எல்லாம் தெரியும்தான். ஆனாலும் யார் ஊருக்குக் கிளம்பினாலும் வண்டி நேரத்தைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தால்தான் அவனுக்குத் திருப்தி.

“வியாழக்கிழமை. காலைல ஏழு இருபத்து நாலு. பேர்ன்ல மாறணும், அங்க உனக்கு ஒம்பது நிமிஷம் இருக்கு, ஓடாத. அங்கேருந்து புதுச் சுரங்கம் வழியா ஒரு மணி நேரம். கண்ண மூடித் திறந்தா பிரிக்.”

“சுரங்கம் வேணாம். பழைய மலைப்பாதை வண்டி.”

“அது ஊருக்கு ஊரு நிக்குமே. முக்கா மணி நேரம் கூட ஆகும்.”

“அவன் போனப்ப அந்தச் சுரங்கம் ஏது, ஆல்வின்?”

அவன் எழுதியதை ரப்பரால் அழித்துவிட்டு, ஒவ்வொரு நிலையமாகக் கைபேசியில் பார்த்துப் பார்த்துப் புதிதாக எழுதினான். ஃபீஷில் ஒரு விடுதிக்குப் போன் செய்தான். எத்தனை பேர் என்று அங்கே கேட்டிருக்க வேண்டும். “ஒரு ஆள்தான். என் மனைவி மட்டும்” என்றான்.

புதன்கிழமை முழுக்க அவள் அலமாரியின் முன்னால் நின்றாள்.

“கறுப்பு போடறதா? நான் என்ன சாவுக்கா போறேன்?”

“சாவுக்குத்தான் போற. முப்பத்தாறு வருஷம் லேட்டு” என்றான் ஆல்வின். சொன்ன பிறகு தானே பயந்துபோனான். அவள் கறுப்பை எடுத்தாள், மேலே சிவப்பு மழைச்சட்டையையும் வைத்தாள். மலைமேல் மழை வரும்.

வியாழன் காலை அவன் நிலையம்வரை பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். வண்டிக்கு இன்னும் நாலு நிமிடம் இருந்தது.

“மார்லிஸ், அவன அயோக்கியன்னு முதல்ல சொன்னது நான்தான். நீ இல்ல. நீ அவன ஒருநாளும் அப்படிச் சொன்னதில்ல, நான் சொல்ற வரைக்கும்.”

“தெரியும்.”

“உனக்கு ஆறுதலா இருக்கும்னுதான் சொன்னேன். கொஞ்சம்... எனக்காகவும் சொன்னேன்.”

அவள் அவனுடைய சட்டைக் கழுத்தைச் சரிசெய்துவிட்டாள். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்குள் வண்டி வந்துவிட்டது.

மலைப்பாதை வண்டியில் கூட்டம் இல்லை. காண்டெர்ஷ்டெக் நிலையம் தாண்டி, வண்டி பழைய மேல் சுரங்கத்துக்குள் புகுந்து மறுபக்கம் வெளியே வந்ததும், கீழே ரோன் பள்ளத்தாக்கு வெயிலில் கிடந்தது. அவனும் இதே ஜன்னல்பக்கம் உட்கார்ந்துதான் இதைப் பார்த்திருப்பான். வெள்ளிக்கிழமைச் சண்டையை நினைத்துக்கொண்டிருந்தானா, இல்லை எல்லாவற்றையும் மறந்து மலையையே பார்த்துக்கொண்டிருந்தானா? அவனிடம் என்ன சொல்வது என்று அவள் மனத்துக்குள் வாக்கியங்களைக் கோத்துப் பார்த்தாள். ஒவ்வொன்றும் வையத் தொடங்கி மன்னிப்பில் முடிந்தது; அல்லது மன்னிப்பில் தொடங்கி வசவில் முடிந்தது.

பிரிக் காவல் அலுவலகத்தில், தொலைபேசியில் பேசிய அதிகாரி காத்திருந்தார். பெயர் லோரெத்தான். முப்பது வயது இருக்கும். ரெட்டோ இந்த வயதைக்கூட எட்டவில்லை என்பது அவரைப் பார்த்ததும்தான் அவளுக்கு உறைத்தது. இத்தனை வருடமாக அவள் வைதுகொண்டிருந்தது கனடாவில் நரைத்து, தொப்பை போட்டு, வேறொருத்தியோடு வாழும் ஒரு ஆளை. அப்படி ஒருவன் இருக்கவே இல்லை. இருந்தவன் ஒரு பையன்.

மேசைமேல் வெள்ளைத் துணி விரித்துச் சாமான்களை வைத்திருந்தார்கள். ஒரு பூட்ஸ். பனிக்கோடரி. மோதிரம். தோல் பர்ஸ் ஒன்று, சுருங்கிக் கறுத்திருந்தது.

“பர்ஸ்குள்ள இருந்தது இது” என்று லோரெத்தான் ஒரு சின்னப் பிளாஸ்டிக் உறையை நகர்த்தினார். தீப்பெட்டி அளவு அட்டை டிக்கெட். எழுத்து மங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது. லாங்கென்டால் – ஃபீஷ், போக வர. “போறப்ப ஒரு துளை போடுவாங்க, வர்றப்ப இன்னொண்ணு. இதுல ஒண்ணுதாம்மா இருக்கு.”

அவள் உறையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். ஒன்றுதான் இருந்தது.

“திரும்பி வர எடுத்திருக்கான்” என்றாள்.

“ஆமாம்மா.”

“நான் வேற மாதிரி நினைச்சுட்டேன் தம்பி. இத்தன வருஷமா வேற மாதிரியே நினைச்சுட்டேன்.”

அவர் தண்ணீர் கொண்டுவரப் போனார். வரும்போது வேண்டுமென்றே நேரமெடுத்துக்கொண்டார். பிறகு ஒரு படிவம். மிச்சங்களைப் பெற்றுக்கொள்பவர் பெயர், முகவரி. அடுத்த கட்டத்தில் ‘உறவு’.

“இப்போ நான் அவனுக்கு யாரு?”

“எழுத வேண்டாம்னா விட்டுடுங்கம்மா. யாரும் கேட்க மாட்டாங்க.”

விட்டுவிடலாம் என்றுதான் பேனாவைத் தூக்கினாள். பிறகு ‘மனைவி’ என்று எழுதினாள். மேலே ஆல்வினின் குடும்பப்பெயரோடு அவள் பெயர். கீழே அந்தச் சொல். இரண்டும் அப்படியே இருக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டாள்.

பிற்பகலில் ஃபீஷிலிருந்து கம்பிவடத்தில் தொங்கிப்போகும் பெட்டியில் மலைமேலே போனாள். பனியாறு கீழே, அவள் நினைத்ததைவிட வெகு கீழே, அழுக்குத் துணிபோல் கிடந்தது. லோரெத்தான் வரைபடத்தில் குறித்துக் கொடுத்த ஓரத்தைக் கண்ணால் தேடிக் கண்டுபிடித்தாள். பக்கத்தில் யாருமில்லை. வண்டியில் கோத்த வாக்கியம் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. அதனால் ஊர்ச் செய்தி சொல்லத் தொடங்கினாள்.

“ரெட்டோ, உங்கம்மா போய்ட்டாங்க. ரெண்டாயிரத்து மூணுல. நான்தான் பக்கத்துல இருந்தேன். கடைசியில எங்கிட்ட நல்லாத்தான் பேசினாங்க. கனடாலேருந்து நீ எழுதுவன்னே சொல்லிட்டிருந்தாங்க. ஆலையில உன் செட்டு ஆளுங்க யாரும் இப்போ இல்ல. நான் தபால்கார ஆல்வினக் கட்டிக்கிட்டேன். நல்ல மனுஷன். உன்ன வைவான், ஆனா நல்ல மனுஷன்.” காற்று மழைச்சட்டையை அடித்தது. “நீ மட்டும் போன்னு சொன்னேனே, அது கோபத்துல சொன்னது. காலைல கேட்டிருந்தா கனடாவுக்கு வந்திருப்பேன். எழுப்பிக் கேட்டிருக்கலாம்ல? ஏண்டா எழுப்பல?”

அப்போதுதான் அழுகை வந்தது. இருபத்து மூன்று வயதில் அழுதிருக்க வேண்டியது அது. கம்பிவடக்காரர் கடைசிப் பெட்டி என்று வந்து சொல்லும்வரை பாறையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஒரு மாதம் கழித்து லாங்கென்டாலில் ஹெட்விக்கின் கல்லறைக்குப் பக்கத்தில் ரெட்டோவை அடக்கம் செய்தார்கள். வந்தவர்கள் ஐந்து பேர். சாம்பல் கலசத்தை ஆல்வின் தூக்கி வந்தான். எழுபதை நெருங்குகிற அந்த மனிதன் வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. கல் கொத்துகிறவர் ஒரு கேள்வி கேட்டார். இறந்தது எந்தத் தேதி? சனியா, ஞாயிறா? காவல்துறைக்கும் தெரியவில்லை.

மார்லிஸ் ஆல்வினைப் பார்த்தாள்.

“ஞாயித்துக்கிழமைன்னே போடுங்க” என்றான் ஆல்வின். “பாவம், ஒரு நாளாச்சும் கூட இருந்துட்டுப் போகட்டும்.”