மாஸ்டர் ஒதுக்கிய மூன்று நிறம்

திருநர்களும் தன்பால் ஈர்ப்பாளர்களும் நடத்தும் ஊர்வலத்துக்கு நாற்பது வானவில் கொடி ஆர்டர். நாளைக் காலை வாங்க வருவார்கள். கடைசிக் கொடியை உதறிப் பார்த்த தையற்கடை மாஸ்டர் தனக்குத்தானே சபாஷ் போட்டுக்கொண்டார். ஆறு பட்டையும் நூல் பிடித்தாற்போல நேர். மாதிரிப் படத்தில் ஓரமாக அம்புமுனை போல இன்னும் ஐந்து நிறம் இருந்தது. கறுப்பும் பழுப்பும் வைத்துவிட்டார். வெளிர்நீலம், ரோஸ், வெள்ளை மூன்றும் பொடித் துண்டுகள். மூலை மடிப்பதற்குள் உயிர் போய்விடும் என்று ஒதுக்கிவிட்டார். தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவருக்கு வரும் மேதாவித்தனம்!

கடையில் பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பவளின் ஊசி நின்றது. ஆறு வருடமாக அதே முக்காலி. அவள் திருநங்கை என்று அங்கே யாருக்கும் தெரியாது. முன்பு வேலை பார்த்த இரண்டு கடைகளிலும் தெரிந்த அன்றே வெளியே அனுப்பினார்கள். வாயைத் திறந்தால் இந்த வேலையும் போகும். ஆனாலும் மனசு கேட்கவில்லை, பாவம்.

“மாஸ்டர், மூணு நிறம் விட்டுப்போச்சு.”

“பறக்குறப்ப யாரு எண்ணப்போறா? மொதல்ல எட்டு நிறம் இருந்துச்சாம். ரோஸ் துணி கிடைக்கலைன்னு ஒண்ணை எடுத்தாங்களாம். ஒத்தைப்படையா இருக்குன்னு இன்னொண்ணு. ஆர்டர் குடுத்தவரே சொன்னாரு. அவங்களே குறைச்சதுதானே?”

“அது துணிக்காகக் குறைச்சது மாஸ்டர். அப்புறம் சேர்த்ததெல்லாம், சில ஆளுங்க விட்டுப்போயிட்டாங்களேன்னு சேர்த்தது. சிவப்பு உயிருக்கு, மஞ்சள் வெயிலுக்கு, பச்சை இயற்கைக்கு, இதெல்லாம் எல்லாருக்கும் பொது. கறுப்பும் பழுப்பும் தோல் நிறத்தைப் பார்த்து ஒதுக்கப்பட்டவங்களுக்கு. நீங்க விட்ட மூணும்...” ஊசியைக் கீழே வைத்தாள். “என்னை மாதிரி திருநங்கைங்களுக்கு, திருநம்பிங்களுக்கு.”

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“எங்க கிளம்பிட்ட?”

“நீங்க போகச் சொல்றதுக்கு முன்னாடி நானே...”

“நல்லாருக்கே கதை. அப்ப நாப்பதையும் யாரு பிரிக்கிறதாம்? உக்காரும்மா.”

பிளேடை எடுத்து முதல் கொடியின் ஓரத்தை அவரே பிரிக்க ஆரம்பித்தார். அப்பாடா! அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளிர்நீலத் துணியை விரித்தாள்.

இரண்டு கொடி பிரித்த பிறகு மாஸ்டர் தலை நிமிராமலே கேட்டார். “ஆறு வருஷமும் பயந்துக்கிட்டேதான் உக்காந்திருந்தியா?”

“ஆமா மாஸ்டர்.”

“அப்ப கொடியில மட்டும் தப்பு பண்ணல நான். கூட வேலை செய்யறவ பயந்து பயந்து உக்கார்ற மாதிரி கடை நடத்தியிருக்கேன். நமக்குச் சிரமம்னு எந்த மனுஷனையும் ஒதுக்கக் கூடாதும்மா. ஒதுக்கிட்டு, யாரு எண்ணப்போறான்னு கேக்கவே கூடாது.”