இரண்டு அங்குலம்

படூர்க் கல்லூரிப் பட்டறையின் கதவில் ஒட்டியிருந்த தாளை ராஜேந்திரன் நின்றபடியே படித்தார். மாணவர்கள் கட்டிய பந்தயக் கார் சோதனை ஓட்டத்தில், வளைவில் வழுக்கி மண்மேட்டில் மோதியதற்கு ‘ஜாய்ஸ் ராஜேந்திரன் வடிவமைத்த அடித்தட்டின் பிழையே காரணம்’ என்றிருந்தது. மகள் பெயரோடு அவர் பெயரும் அங்கே தொங்கியது. அடுத்தவர் வயலில் குனிந்தே வாழ்ந்த குடும்பத்தின் பெயர் முதன்முதலாக அச்சேறியது இதற்காகவா? கல்பாக்கத்தில் முப்பது ஆண்டு ஃபிட்டராக இருந்து ஒரு மெமோகூட வாங்காதவர் அவர்.

சோதனை ஓட்டத்துக்குப் பொறுப்பாயிருந்து அந்தத் தாளையும் எழுதிய பேராசிரியர் சுப்புராமன் உள்ளே நாற்காலியைக் காட்டினார். ராஜேந்திரன் உட்காரவில்லை.

"தப்புன்னு எழுதிட்டீங்க. யாரு சார் அளந்து பார்த்தது?"

கூட வந்திருந்த ஜாய்ஸ்தான் வரைபடத்தை விரித்தாள். கார் தரையை ஒட்டி ஓடினால்தான் அடியில் புகும் காற்று வேகமெடுக்கும், அங்கே அழுத்தம் குறையும், கார் சாலையோடு இழுபட்டுப் பிடிப்பாக வளையும் என்றாள். அதற்காக அவள் வைத்த இடைவெளி இரண்டு அங்குலம். ஸ்கேலை எடுத்து, காரின் நசுங்காத பின்பக்கத்துக்கு அடியில் நிறுத்தினாள். நான்கு அங்குலம்.

பட்டறை ஆள் சம்பத் குனிந்து பார்த்தான். "ஸ்பிரிங்குக்கு யாரோ பேக்கிங் குடுத்துத் தூக்கிக்கீறாங்க. நல்ல வேலைக்காரன் கை."

ராஜேந்திரனுக்குக் காது சுட்டது. ஓட்டத்துக்கு முந்தின நாள், வண்டிக்குப் பூசை போட வேண்டுமென்று பையன்கள் அதைத் திருப்போரூர் கோயிலுக்குக் கட்டி இழுத்துப் போனார்கள். வழியெல்லாம் வேகத்தடை. மகள் செய்த தட்டில் ஒரு கீறலும் விழக் கூடாதென்று, அவள் வகுப்பில் இருந்த நேரத்தில், அவர்தான் நான்கு இரும்புத் துண்டு கடைந்து வந்து ஸ்பிரிங்குகளுக்கு அடியில் வைத்தார். திரும்பி வந்தபின் எடுக்கவில்லை. வயிறு தேயாமல் நிமிர்ந்து நிற்பதுதான் வண்டிக்கு மரியாதை என்று விட்டுவிட்டார்.

அதை அவர் அங்கேயே சொன்னார். சுப்புராமன் குரலைத் தணித்து, பட்டறைத் தவறு என்று பொதுவாகப் போட்டுவிடலாம், யார் பெயரும் வேண்டாம் என்றார். ராஜேந்திரனுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"பட்டறைன்னா சம்பத் தலையில வுழும். எம் பொண்ணு பேரை முழுசா எழுதின கைக்கு, எம் பேரை எழுத இன்னா கூச்சம்?"

ஜாய்ஸ் தடுத்தாள். அவர் கேட்கவில்லை. பேக்கிங் வைத்ததும் எடுக்காமல் விட்டதும் தான்தான் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டார். பிறகு தாளையும் பேனாவையும் சுப்புராமன் பக்கம் நகர்த்தினார்.

"ஓட்டறதுக்கு முன்னால அளக்காம வுட்டவங்க பேரு பாக்கி கீது சார். கீழ எழுதுங்க."