மரத்தில் செய்த கார்

கார் கம்பெனியிலிருந்து வந்த பெண் பேனாவை மூடி வைத்தபோது வீட்டுக்காரர் பேசி முடித்திருக்கவில்லை. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட வேண்டும், மேட்டில் இரண்டாவது கியர் எப்படி இழுக்க வேண்டும், உதிரி பாகம் மூலைமுடுக்கெல்லாம் கிடைக்க வேண்டும் என்று விரல் விட்டு எண்ணி எட்டாவதற்கு வந்திருந்தார். இருபத்திரண்டு வருஷமாக ஓர் அலுவலகத்தின் வண்டிகளை ஓட்டுகிறவர். தெருவில் அவருக்குப் பெயரே ஸ்டியரிங். யார் பழைய வண்டி வாங்குவதானாலும் இவர் போய்ச் சுற்றிவந்து தட்டிப் பார்த்துத் தலையாட்டினால்தான் பேச்சு மேலே நகரும். சாதாரணக் குடும்பங்களுக்கென்று ஒரு சின்னக் கார் செய்யப் போகிறார்கள், முதல்முறையாகக் கார் வாங்க நினைப்பவர்களின் வீட்டுக்கே வந்து விசாரிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பெயர் கொடுத்தவரும் அவர்தான். காலையிலேயே சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் தயாராக இருந்தார்.

"ரொம்ப நன்றி சார். இதெல்லாம் எல்லாருமே சொல்றாங்க," என்றாள் அந்தப் பெண், மரியாதையாகத்தான். பிறகு, காலிக் கோப்பைகளை எடுக்க வந்த அவர் மனைவியிடம் திரும்பினாள். "நீங்க என்னம்மா எதிர்பார்க்கறீங்க?"

"அவளுக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்?" என்று அவர் சிரித்தார்.

"எனக்கு ஓட்டத் தெரியாதுங்க," என்றாள் மனைவி. "உக்காரத்தான் தெரியும்."

அந்தப் பெண் பேனாவைத் திறந்தாள்.

மனைவி பள்ளிச் சீருடை தைக்கும் கூடத்தில் அளவெடுப்பவள். உடம்பு எங்கே மடங்கும், எங்கே பிடிக்கும் என்பதெல்லாம் அவளுக்குக் கைவந்த சங்கதி. பின் சீட்டுக்கு முன்னால் தரை நடுவில் ஒரு மேடு இருக்கிறதே, அங்கே உட்காருகிறவர் காலை எங்கே வைப்பது என்று கேட்டாள். "நடுவுல ஆம்பளை உக்காந்து எந்த வீட்லயாவது பாத்திருக்கீங்களா?" அந்தப் பெண் சிரித்தாள். பின் ஜன்னல் பாதிதான் இறங்குகிறது. வாந்தி வந்தால் பாதியோடு நிற்குமா? பை வைக்க இடமில்லாமல் எல்லாம் மடியில்தான்; பிரேக் போட்டால் மடியும் காலி. கதவு இன்னும் அகலமாகத் திறக்க வேண்டும். "எங்கப்பாவுக்குக் கால் ஒடிஞ்சு கட்டுப் போட்டப்ப, இவங்க ஆபீஸ் வண்டியிலதான் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம். சீட் முழுக்க அவரை நீட்டிப் படுக்க வச்சாச்சு. நான் கீழ, அந்த இடுக்குல குந்திக்கிட்டே வந்தேன்."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வண்டியை ஓட்டியவர் அவர். மாமனார் உடம்பு அலுங்காமல் கொண்டுவந்து சேர்த்ததை இன்றைக்கும் நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்படுகிறவர்.

"எங்கிட்ட சொல்லவே இல்லையே நீ?"

"நீங்க ரோட்டப் பாத்து ஓட்டிட்டிருந்தீங்க."

அந்தப் பெண் நாலு பக்கம் எழுதினாள். தான் சொன்னது ஒன்றரைப் பக்கம்தான் என்பதை அவர் எட்டிப் பார்த்து வைத்திருந்தார்.

கார் வைத்திருப்பவர்களைப் பார்த்து அவர் வயிறெரிந்ததே கிடையாது. எத்தனையோ பேருக்குக் கதவு திறந்துவிட்டிருக்கிறார். அவர்கள் உயரம் வேறு, தன் உயரம் வேறு என்று எப்போதோ மனசைச் சமாதானப்படுத்தியாகிவிட்டது. ஆனால் இது வேறு மாதிரி எரிந்தது. கிளட்ச் எது பிரேக் எது என்று தெரியாத ஒருத்தி, கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்று, பத்து நிமிஷத்தில் அவருடைய இருபத்திரண்டு வருஷத்தை ஓரமாகத் தள்ளிவிட்டுப் போய்விட்டாள். அதிலும், தான் தள்ளிவிட்டதே அவளுக்குத் தெரியவில்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

பத்து நாள் கழித்து அவருடைய எண்ணுக்குத்தான் அழைப்பு வந்தது. "அம்மா இருக்காங்களா சார்? மரத்துலயே மாடல் வண்டி ஒண்ணு செஞ்சிருக்கோம். அவங்க வந்து உக்காந்து பாத்துச் சொன்னா நல்லாருக்கும்."

நான் வரட்டுமா என்று கேட்க வாய்வரை வந்தது. "அவ ஊர்ல இல்லைங்க," என்றார். மனைவி அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

மறுபடி அழைத்தபோது அவர் குளித்துக்கொண்டிருந்தார். தலையைத் துவட்டியபடி வெளியே வந்தால், மனைவி அவருடைய போனில் பேசிக்கொண்டிருக்கிறாள். "ஆமாங்க, நேத்துதான் ஊர்லேர்ந்து வந்தேன்." அவர் துண்டும் கையுமாக நின்றுவிட்டார். பேசி முடித்ததும் அவள் போனை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு உள்ளே போனாள். சாப்பாடு போடும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"ஊர்ல எல்லாரும் சௌக்கியம். உங்களக் கேட்டதாச் சொன்னாங்க."

அவரால் தட்டிலிருந்து தலை தூக்க முடியவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம்; அதற்கும் வழி வைக்கவில்லை.

"சனிக்கிழமை போகணும். நீங்களும் வாங்க," என்றாள்.

தொழிற்சாலையின் ஒரு கூடத்தில் அது நின்றது. சக்கரம் இல்லை, எஞ்சின் இல்லை. மரச்சட்டங்களில் நாலு கதவு, சீட்டுகள், ஒரு ஸ்டியரிங், ஒரு கண்ணாடி, அவ்வளவுதான். இளம் எஞ்சினியர் ஒருவன் பின் கதவோரம் மண்டிபோட்டு உட்கார்ந்து, அவள் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்தான். "இந்த ஓரத்த இன்னும் ரெண்டு விரக்கடை தள்ளி வைங்க தம்பி," என்றாள். அவன் சாக்பீஸால் கோடு போட்டான். "கதவ இழுக்கற பிடி கீழ வரணும்." இன்னொரு கோடு. அவருக்கு ஒரு நாற்காலியும் தேநீரும் கொடுத்திருந்தார்கள். தேநீர் ஆறிப்போனது. பொறுக்க முடியாமல் எழுந்துபோய், "ஸ்டியரிங் சாய்வு சரியில்லையே," என்றார்.

"அது வேற டீம் சார்," என்று எஞ்சினியர் சிரித்தான்.

"முன் சீட்ட நல்லாப் பின்னால தள்ளிப் பாத்தாத்தான் இடம் தெரியும்," என்றாள் மனைவி. "இவங்களுக்குக் கால் நீளம்."

எஞ்சினியர் சீட்டைத் தள்ளினான். அவர் சட்டென்று முன் கதவருகே போனார்.

"அங்க இல்லைங்க. நீங்க பின்னால உக்காருங்க. நடுவுல."

இத்தனை பேர் முன்னால் மறுக்கவும் முடியவில்லை. குனிந்து, தலை இடித்து, உள்ளே நுழைந்தார். முழங்கால் இரண்டும் தாடையைத் தொடுகிற மாதிரி ஏறி நின்றன. கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. முன் கதவைத் திறந்து, ஓட்டுகிற சீட்டில் மனைவி உட்கார்ந்தாள். அவள் பிடரியை இவ்வளவு கிட்டத்தில் அவர் பார்த்து நாளாகியிருந்தது. கொண்டைக்குக் கீழே கொஞ்சம் நரைத்திருந்தது. எஞ்சினியர் முன் ஜன்னலில் குனிந்து ஏதோ கேட்டான். அவள் தணிந்த குரலில் பதில் சொன்னாள். அவன் வேகவேகமாக எழுதிக்கொண்டான்.

"என்ன சொல்ற?" என்றார் அவர் பின்னாலிருந்து.

இருவரும் திரும்பவில்லை. அவள் ஒரு கையை ஸ்டியரிங் மேல் வைத்தாள், சூடாக இருக்குமோ என்று தொட்டுப் பார்ப்பவள் போல. மறு கையால் மேலே இருந்த கண்ணாடியைத் திருப்பினாள். அதில் கூரை விளக்குகள் சரிந்து போயின, பிறகு ஒரு சுவர், ஒரு மரச்சட்டம். கடைசியில் அவள் கண்கள் மட்டும் வந்து நின்று, அவரைப் பார்த்தன.