சிவப்பு ஸ்டிக்கர்

தொழிற்சாலையில் என் வேலையே குறை கண்டுபிடிப்பதுதான். செய்து வரும் மேசை, அலமாரி எல்லாவற்றையும் விளக்கடியில் திருப்பிப் பார்த்து, மூட்டில் நகம் நுழைந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவேன். ஒட்டினால் அது செய்தவரிடமே திரும்பிப் போகும். தொழிற்சாலையை மூடியபோது மிச்சமிருந்த ஸ்டிக்கர் சுருள் ஒன்று என் பையோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

என் மனைவி தையல்காரி. அவள் துணி வெட்டும் மேசையின் இழுப்பறை உடைந்து, பொத்தான்களெல்லாம் பிஸ்கட் டப்பாவில் கிடந்தன.

"தச்சர் யாரையாவது கூப்பிட்டா அரை நாள்ல முடிச்சிடுவாரு" என்றாள்.

"நானே செய்யறேன். ஆணியே கிடையாது, டவ்டெயில்" என்றேன் பெருமையாக.

ஒரு பலகையின் நுனியில் புறாவின் வால்போல விரியும் துண்டுகள், இன்னொன்றில் அவற்றுக்கேற்ற பற்கள். இரண்டும் கோத்துக்கொண்டால் அதுதான் டவ்டெயில். காலமெல்லாம் அடுத்தவன் செய்ததைத் தள்ளிவிட்டவன் நான். நான் செய்தது ஒன்றாவது என் கண்ணில் தேற வேண்டும் என்று ஒரு வெறி.

எங்கே தேறுவது? முதல் மூலையில் ரம்பம் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. இடுக்கில் நகம் என்ன, விரலே நுழைந்தது. அடுத்ததில் கழிக்க வேண்டியதை வைத்துக்கொண்டு, வைக்க வேண்டியதை அறுத்துத் தள்ளினேன். அதற்கடுத்தது அருமையாக உட்கார்ந்தது. சும்மா இருந்திருக்கலாம். கொட்டாப்புளியால் இன்னும் ஒரு தட்டு தட்டினேன், பலகை பிளந்தது. ஆத்திரத்தில் உளியை வீசினேன். சுவரில் பட்டு அதன் முனை போனது. அதைத் தீட்டி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கெட்டுப்போன ஒவ்வொன்றிலும் மறக்காமல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினேன்.

"சாப்பிட வாங்க, பலகை எங்கயும் ஓடிப்போகாது."

"ஓடினாத்தான் பரவாயில்லையே, பிளக்குது!" என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். அவள் தையல் மிஷினை வேகமாக மிதித்தாள்.

கடைசியில் ஒருநாள் நான்கு மூலையும் சரியாக வந்தன. அந்த வால்களின் அழகு எல்லார் கண்ணிலும் படட்டும் என்று முகப்புப் பலகையிலேயே வெட்டியிருந்தேன். நகத்தை ஓட்டிப் பார்த்தேன், நுழையவில்லை. பசைகூடத் தடவவில்லை. இப்படிப் பிடித்துக்கொண்ட மூட்டுக்குப் பசை போடுவது அவமானம் என்று தோன்றியது.

அவள் பொத்தான், கத்தரிக்கோல் எல்லாவற்றையும் அதில் நிரப்பி மேசைக்குள் தள்ளினாள்.

"சரி, திறந்து பாக்கறேன்" என்று கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள்.

முகப்பு கையோடு வந்தது. முகப்பு மட்டும். பாக்கி இழுப்பறை உள்ளேயே நிற்க, பொத்தான்கள் தரையெங்கும் உருண்டன.

அப்போதுதான் உறைத்தது. வால்களைப் பக்கப் பலகைகளில் வெட்டியிருந்தால் இழுக்க இழுக்க இறுகியிருக்கும். முகப்பில் வெட்டினால், இழுக்கும் திசையில்தான் அது கழலும். இடுக்கு பார்த்தேன், மட்டம் பார்த்தேன். இழுப்பறையை இழுப்பார்கள் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஸ்டிக்கர் சுருளை அவளிடம் நீட்டினேன். "ஒட்டு."

அவள் முகப்பை விளக்கடிக்குக் கொண்டுபோனாள். நான் பார்ப்பதைப் போலவே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திரும்ப வந்து பொருத்தி அழுத்தினாள். டக்கென்று உட்கார்ந்தது. மூட்டில் நகத்தை ஓட்டினாள்.

"நுழையலையே. இது பாஸ்" என்றாள்.

பிறகு ஒரு ஸ்டிக்கரைக் கிழித்து என் சட்டையில், நெஞ்சுக்கு நேராக ஒட்டினாள்.

"செஞ்ச ஆளைத்தான் ரிப்பேருக்கு அனுப்பணும். பலகை மிச்சம் இருக்கா?"

"இருக்கு, இருக்கு" என்று எரிச்சலோடு சொல்லிவிட்டு, ஸ்டிக்கரைப் பிய்க்காமலேயே ரம்பத்தைத் தேடினேன்.