பின்னர் இட்ட கொம்பு

சதக் மனு எழுதித் தரக் கேட்டு வந்தபோது நான் ஆறாம் வகுப்புக் கட்டுரை ஏடுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். 1958ஆம் ஆண்டு, ஆவணி மாதத்துச் சனிக்கிழமை முற்பகல். அவனுக்குப் பின்னால் அவன் மனைவி நூர் நிஷா முக்காட்டின் ஓரத்தைப் பல்லாற் கடித்தபடி வாயிற்படியருகே நின்றாள்.

“ஏலே வாத்தி, பிள்ளைக தப்பையெல்லாம் கடல்ல போட்டுட்டு எனக்கு ஒரு மனு எழுது” என்றான்.

நானும் அவனும் பாம்பன் பள்ளியில் ஒரே பலகையில் அமர்ந்து படித்தவர்கள். ஐந்தாம் வகுப்போடு அவன் கருவாடு அடுக்கிவைக்கும் கிட்டங்கிக்கு வேலைக்குப் போய், கொழும்புக்கு ஏறும் சிப்பங்களில் பெயர்ச்சீட்டு எழுதினான். நான் ஆசிரியப் பயிற்சி பெற்று அதே பள்ளிக்குத் திரும்பினேன்.

அரசியல் தியாகிகளுக்கு நயினார்கோவில் பக்கம் அரசு நிலம் வழங்குவதாக அறிந்து அவன் விண்ணப்பித்திருந்தான். தாலுகா அலுவலகத்தார் சிறைக் குறிப்பைப் பார்த்துவிட்டு மறுத்துவிட்டனர். தந்திக் கம்பி திருடியவன் என்று அதில் பதிந்திருந்தது. 1942இல் ‘வெள்ளையனே வெளியேறு’ என்று எழுதி இரயில் நிலையச் சுவரில் ஒட்டியவனுக்குத் தேசபக்தன் என்ற பெயரும் கிடைக்கலாகாதென்று, திருட்டு வழக்குப் போட்டு ஒன்றரை ஆண்டு உள்ளே வைத்திருந்தார்கள். கொடி மாறிப் பதினோராண்டாகியும் அந்தக் காகிதம் மாறாமல் இருந்தது.

“கடல்காரனுக்கு எதுக்குடா வயலு?” என்றேன். அவன் சிரிப்பான் என்று எண்ணினேன்.

“மண்ணு கெடக்கு மண்ணு. எம் மகளுக்கு மாப்ள வீட்டுக்காரக வந்தாக. தெருவுல நின்னு, ‘கம்பிக்களவாணி வீடு எது’ன்னு கேட்டுட்டு வாராக. அந்தப் பேரை அடிக்கணும்லே.”

“அதுக்கும் ஒரு புண்ணியவான் வழி சொல்லி அனுப்பியிருக்கான், வாத்தியாரண்ணே” என்றாள் நூர் நிஷா.

சுவரொட்டியை அவன்தான் எழுதினான் என்று அறிந்தவர் எவரேனும் கையொப்பமிட்டு உறுதிமொழி தந்தால் குறிப்பைத் திருத்தப் பரிந்துரைப்பதாக அலுவலகத்தில் கூறியிருந்தனர்.

“அப்ப தெரிஞ்சவுக யாரு?” என்று கேட்டேன்.

“ஒட்டுனப்ப ஒரு குஞ்சும் பாக்கல. தெரிஞ்சவன் ஒருத்தன்தான். எவன் காட்டிக்குடுத்தானோ அவன். ஆளு யாருன்னு தெரிஞ்சா கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்திருக்க மாட்டேன்?”

“அடிக்கவா?”

“அடிச்சு என்னலே ஆகப்போகுது? ஜெயில்ல கெடந்தப்ப உம்மா மவுத்தாப் போச்சு, தூக்கிட்டுப் போற சந்தூக்குக்குத் தோள் குடுக்கக்கூட வெளிய விடல. அதுக்கு உள்ளேயே அழுது முடிச்சாச்சு. இப்ப அவன் கையெழுத்து ஒண்ணுதான் எனக்கு வேணும்.”

காகிதத்தை மேசைமேல் நேராக வைத்தேன். பிறகு மறுபடியும் நேராக வைத்தேன்.

பதினாறாண்டுகளுக்கு முன்னர், அந்தச் சுவரொட்டியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு சப்-இன்ஸ்பெக்டர் எங்கள் பள்ளிக்கு வந்தார். அவர் என்னைத் தேடி வரவில்லை. தலைமையாசிரியரிடம் காட்டி, யாருடைய கை என்று கேட்டார். அந்தப் பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, நெடுநேரம் பார்த்து, “எல்லா எழுத்தும் ஒண்ணுபோலத்தானுங்க இருக்கு” என்று சொல்லிவிட்டார். அத்தோடு முடிந்திருக்கும். இருபத்தைந்து வயதில், எழுத்தும் சொல்லும் என் காணியாட்சி என்று எண்ணியிருந்த நான் குறுக்கிட்டேன். எழுதியவர் மெய்யெழுத்தை முதலில் எழுதி, கொம்பைப் பின்னர் செருகியிருக்கிறார் என்றேன். வெ, னே, மறுபடியும் வெ, யே என்று நான்கு இடங்களிலும் கொம்பு இடமின்றி நசுங்கியிருப்பதைப் பென்சில் முனையாற் காட்டினேன். தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழில் எழுத்தை இட்ட பிறகே உயிர்க்குறியை மேலும் கீழும் இடுவார்கள். குர்ஆன் கற்பிக்கும் ஓதப்பள்ளியில் முதலில் எழுதப் பழகிய கைதான் இப்படித் தமிழ் எழுதும் என்றும் விளக்கினேன். “வாத்தியாருன்னா இவருல்ல வாத்தியாரு!” என்று சப்-இன்ஸ்பெக்டர் என் முதுகில் தட்டினார். அன்று பிற்பகல் நான் மிக நன்றாகப் பாடம் நடத்தினேன். மறுநாள் விடிந்ததும் கிட்டங்கியில் புகுந்து சிப்பச் சீட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, சதக்கை விலங்கிட்டு அழைத்துச் சென்றார்கள்.

நான் பெயரைச் சொல்லவில்லை என்பது மெய். வாயைத் திறக்கும் முன்னரே பெயர் எனக்குத் தெரிந்திருந்தது என்பதும் மெய். ஒரே பலகையில் அமர்ந்திருந்த ஐந்தாண்டும் அந்தக் கொம்புகளுக்காக அவனைக் கேலி செய்தவன் நான்தான். சுதந்தர நாளன்று பள்ளி முற்றத்தில் நான் கொடியேற்றிப் பேசியபோது, சதக் கூட்டத்தின் கடைசியில் நின்று எல்லாரையும்விட உரக்கக் கைதட்டினான். என் பேச்சில் அன்று ஓர் இலக்கணப் பிழையும் இல்லை.

மனுவை எழுதி முடித்தேன். உறுதிமொழிக்கு வந்ததும் ஒரு வழி தோன்றிற்று. அவன் சுவரொட்டி எழுதியதை நான் நேரிற் கண்டேன் என்று எழுதினேன். அவன் பெயரும் துலங்கும். என் பெயரும் கெடாது. பேனாவை மூடிவிட்டு, நானே படித்துக் காட்டினேன்.

சதக் தலையைச் சாய்த்துக் கேட்டான்.

“நீ எங்கன பாத்தே? அன்னைக்கு நீ பரமக்குடியில உங்க அக்கா வளைகாப்புக்குல்ல போயிருந்தே. வாத்திக்குத் தெரிஞ்சா கொம்பு சரியில்லம்பானேன்னு நெனச்சுக்கிட்டேதான் எழுதினேன்.”

“எழுதுனது நீதானடா. அதுல பொய் இல்லையே.”

“பாத்தேங்குறது பொய்தானலே? பொய்ச் சாட்சியாலதான் நான் களவாணியானேன். இன்னொரு பொய்ய வச்சா அதை அடிக்கிறது? வேணாம்.” என் மனம் நோகாதபடி காகிதத்தை இரு விரல்களால் என் பக்கம் தள்ளினான். “நீ எனக்காகச் சொல்ல வந்தே பாரு, அது போதும்” என்றான்.

அந்தச் சொல்லை என்னால் தாங்க முடியவில்லை. வேறொரு தாளை எடுத்தேன். அவர்கள் இருவரையும் நிமிர்ந்து பாராமல், நாள், இடம், நான் சொன்னவை, யாரிடம் சொன்னேன் என்பன அனைத்தையும் வரிசையாக எழுதினேன். என் வாழ்நாளில் அடித்தல் திருத்தல் இன்றி அத்துணை வேகமாக எதையும் எழுதியதில்லை. கீழே முழுப் பெயரையும் இட்டு, பதவியையும் எழுதி, அவனிடம் நீட்டினேன்.

“சத்தமாப் படிங்க, நானும் கேக்கேன்” என்றாள் நூர் நிஷா.

சதக் வெளிச்சத்துக்காகச் சன்னலருகே நகர்ந்தான். உப்பிலேயே கிடந்து வெடித்த சுட்டுவிரலை முதல் சொல்லின் கீழ் வைத்து, கூட்டிக் கூட்டிப் படிக்கத் தொடங்கினான். “பாம்பன் பள்ளி ஆசிரியர் ராமசுப்பிரமணியன் ஆகிய நான்…” நிறுத்தி, மனைவியைத் திரும்பிப் பார்த்தான். “எப்படி முத்து முத்தா எழுதியிருக்கான் பாரு, சண்டாளன்.”

அவள் சிரித்தாள். விரல் இரண்டாம் வரிக்கு இறங்கிற்று. அதையும் உரக்கவே படித்தான். மூன்றாம் வரியின் நடுவில் குரல் தேய்ந்தது. உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்து, பின்னர் அவையும் நின்றன.

“ஏன் நிறுத்திட்டீக?” என்றாள் நூர் நிஷா.

சதக் என்னைப் பார்க்கவில்லை. காகிதத்திலிருந்து எடுக்காமலேயே அந்த விரலை மெல்ல இழுத்து, அதே வரியின் தொடக்கத்திற்குக் கொண்டுபோனான்.