தெற்கு மலையின் வெள்ளைக் கட்டம்

நாட்டைச் சுற்றியுள்ள கடலில் எங்கே என்னென்ன உயிர்கள் வாழ்கின்றன என்று வரைபடம் போடுவது தெல்மீராவின் வேலை. ஃபயால் தீவுக்குத் தெற்கே, கடலுக்கடியில் ஒரு மலை. அதன் உச்சி மட்டும் வரைபடத்தில் எதுவும் குறிக்காத வெள்ளைக் கட்டங்களாகவே கிடந்தது. அங்குள்ள நீரோட்டத்தில் படகை நிலையாகப் பிடிக்கத் தெரிந்தவன் அவளுடைய அண்ணன் எவரிஸ்து ஒருவன்தான். ஆனால் அது அவன் மீன்பிடிக்கும் இடம். பவளம் இருப்பது தெரிந்தால் அங்கே அடித்தரையில் கிடக்கும் ஆழ்தூண்டில் போடத் தடை வரும். போன கோடை முழுக்கச் சாக்குச் சொல்லிவிட்டு, இந்தக் கோடையில்தான் இறங்கி வந்தான்.

“வெறும் பாறைதான் இருக்கு. பாத்துட்டு வாயை மூடிக்கிட்டு வரணும்,” என்றான் தீவின் ஓர்த்தா துறைமுகத்தை விட்டுக் கிளம்பும்போது.

“பாறைன்னா பாறைன்னு எழுதிட்டுப் போறேன். உனக்கு எதுக்கு வேர்க்குது?”

மலைக்கு மேலே வந்ததும், தெல்மீரா கேபிளில் கட்டி விட்ட கேமரா நானூறு மீட்டர் இறங்கியது. திரையில் மணல் தெரிந்தது, பிறகு கரும்பாறை. திடீரென்று படம் குலுங்கி நின்றது. எப்போதோ அறுந்து கிடந்த தூண்டில் கயிற்றில் கேமராவின் சட்டம் மாட்டிக்கொண்டுவிட்டது. தென்மேற்குக் காற்று ஏறிக்கொண்டிருந்தது. கேபிள் விறைத்துப் படகின் பின்பக்கத்தைக் கீழே இழுக்க, அலை உள்ளே அடித்தது.

எவரிஸ்து கோடரியோடு வந்தான். “தள்ளு. வெட்டி விட்டுடலாம்.”

“எங்ககிட்ட இருக்கறது இந்தக் கேமரா ஒண்ணுதான். போச்சுன்னா இந்த இடம் வெள்ளையாவே நிக்கும். அதுதானே உனக்கு வேணும்?”

அவன் முகம் சிவந்தது. “அடிப்பாவி! தண்ணி உள்ள வருது, கண்ணு தெரியலையா?”

“தெரியுது. நான் கேபிளைத் தளர்த்தறேன். நீ சுக்கானுக்குப் போ.”

ஏதோ திட்டிக்கொண்டே கோடரியைத் தூக்கி எறிந்துவிட்டுப் போனான்.

கயிறு எந்தப் பக்கமாகச் சுற்றியிருக்கிறது என்று திரையில் பார்த்துப் பார்த்து அவள் கத்தினாள். “இடது பக்கமா வட்டம் போடு!”

“காத்துக்கு எதிரா திருப்பறேன். கெட்டியாப் பிடிச்சுக்கோ!”

முதல் வட்டத்தில் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்ததில் கயிறு இன்னும் இறுகியது. இருவரும் தொப்பலாக நனைந்துபோனார்கள். மறுபடியும் சுற்றியபோது கயிறு நழுவி, கேமரா விடுபட்டது.

“தூக்கு, வீட்டுக்குப் போவோம்.”

“இன்னும் கொஞ்ச தூரம்ணா.”

“உனக்கு முத்திப்போச்சு,” என்றான். ஆனாலும் படகைப் பிடித்து நிறுத்தினான்.

பாறையின் விளிம்பைத் தாண்டியதும் காடு தெரிந்தது. ஆள் உயரத்துக்கு விசிறி விசிறியாய்ப் பவளங்கள். கிளைகளில் சுறா முட்டைகள் தொங்கின. இடையிடையே, கயிறு அறுத்துச் சாய்த்த மொட்டைத் தண்டுகள்; அவற்றில் சுற்றிக் கிடந்தது ஒரு நீலக் கயிறு. எவரிஸ்து சுக்கானிலிருந்தே எட்டிப் பார்த்தான்.

“அந்த நீலக் கயிறு என்னுது,” என்றான். பிறகு, தாழ்ந்த குரலில், “வடக்குச் சரிவை மட்டும் எனக்கு விட்டுடேன்.”

“அங்கதான் அதிகமா இருக்கு. முடியாதுண்ணா.”

அவள் முழுவதையும் குறித்தாள். தடையும் வந்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க, ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் அவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. ஆனாலும் ஒரு கட்டத்தைக்கூட அவள் அழிக்கவில்லை.

வசந்தத்தில், அடுத்த கடலடி மலைக்குப் போக வேறொருவனின் படகை அவள் பேசி வைத்திருந்தாள். விடியற்காலையில் துறைக்குப் போனபோது, எவரிஸ்து தன் படகில் எஞ்சினை ஓட விட்டுக் காத்திருந்தான்.

“அவனை நம்பிப் போனா கேமராவும் வராது, நீயும் வரமாட்ட,” என்றான். “ஏறு.”