எதற்கு மன்னிப்பு

நிக்சனுக்குப் புது பிரசிடெண்ட் மன்னிப்பு வழங்கிவிட்டார் என்ற செய்தியை ரேடியோவில் கேட்ட கையோடு சீதாராமன் என் அறைக்கு வந்தார். கம்பெனி அக்கவுண்டண்ட். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

“பாத்தியா பாஸ்கர், அவ்வளவு பெரிய தேசமே மன்னிச்சுடுத்து. விசாரணைகூடக் கிடையாது. நீ ஏன் பிடிவாதம் பிடிக்கறே?”

“என்ன செஞ்சான்னு நிக்சன் சொன்னானா சார்?”

“அதெல்லாம் எதுக்கு? கலாஸ், முடிஞ்சு போச்சு. நாளைக்குக் கோர்ட்ல ஒரு வார்த்தை சொல்லிடு. பாவம், டிரைவர் வில்பிரட் குழந்தை குட்டிக்காரன்.”

எழுபத்தொன்றில் வங்காள விரிகுடாவுக்குப் போர்க்கப்பல் அனுப்பியதற்காக நிக்சனின் கொடும்பாவியை எரித்த மாணவர்களில் நானும் ஒருவன். அடுத்த வருஷமே அமெரிக்கர்கள் அந்த ஆளை அமோகமாக ஜெயிக்க வைத்தார்கள். எங்கள் டெக்சாஸ்கார மேனேஜர் நிக்சன் படத்தை ஆபீஸ் சுவரிலிருந்து இன்னும் எடுக்கவில்லை.

ஷார்ஜா சந்தை வாசலில் மேனேஜரின் கார் என் மனைவி ஷியாமளாவை அடித்தபோது நான் எதிர்ப்புறம் நின்றிருந்தேன். ஸ்டியரிங் பக்கத்துக் கதவைத் திறந்து இறங்கியவர் மேனேஜர். போலீஸ் வந்தபோது சாவி டிரைவர் வில்பிரட்டின் கையில் இருந்தது. நான்தான் ஓட்டினேன் என்று அவன் ஒப்புக்கொண்டான். மேனேஜர்தான் ஓட்டினார் என்று நான் சொன்னதைத் துக்கத்தில் உளறுகிறான் என்று ஒதுக்கிவிட்டார்கள்.

இறந்தவரின் உறவு மன்னித்தால் ஓட்டியவனை விட்டுவிடுவது இங்கே வழக்கம். வழக்கும் அத்தோடு மூடப்படும். என் கையில் மிச்சம் இருந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

மறுநாள் கோர்ட்டில் நீதிபதியான காஜி கேட்டார். மொழிபெயர்க்கக் கீழக்கரை செய்கு முகம்மது நின்றிருந்தார்.

“தம்பி, இவரை மன்னிக்கிறீங்களான்னு கேக்குறாரு.”

“யார் ஓட்டினதுன்னு முதல்ல இவன் சொல்லட்டும்.”

“மன்னிப்புக்கு நிபந்தனை கிடையாதாம், தம்பி. உண்டா இல்லையான்னு மட்டும் சொல்லணுமாம்.”

சீதாராமன் பின்னால் இருந்து, “சொல்லுடா, போனவ திரும்பியா வரப்போறா?” என்றார்.

அவள் திரும்பி வரமாட்டாள் என்பதை எனக்கு நினைவூட்டாத ஆளே இந்த ஊரில் இல்லை.

“இல்லை” என்றேன்.

வில்பிரட் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினான். “படிச்ச ஆளுதானவே நீரு! நான் பின்சீட்டுல இருந்தேன். குடிச்சிட்டு ஓட்டுனது அவரு. நீ ஒத்துக்கோ, ஒரு மாசத்துல வெளிய எடுத்திருதேன்னாரு. நீரு கண்டிப்பா மன்னிச்சிருவீருன்னும் அவருதாம்வே சொன்னாரு!”

என்னைக் கேட்காமலே என் மன்னிப்பை வாக்குக் கொடுத்திருக்கிறார்.

செய்கு முகம்மது ஒரு சொல் விடாமல் அரபியில் சொன்னார். மேனேஜரை உடனே கொண்டுவரும்படி காஜி போலீஸ்காரரிடம் கூறினார்.

சீதாராமன் தொண்டையைச் செருமினார். “அவர் காலம்பறயே பஹ்ரைனுக்கு ஃப்ளைட் ஏறிட்டார். லீவு.”

காஜி மறுபடி என்னைப் பார்த்தார்.

“இவனை மன்னித்தேன்” என்றேன். “அவரை மன்னிக்கவில்லை. எங்கே போனாலும் மன்னிக்கவில்லை. பெயரோடு எழுதச் சொல்லுங்கள்.”

“இவரை மன்னிச்சதா சொன்னதே போதும், தம்பி” என்றார் செய்கு முகம்மது மெதுவாக.

“போதாது. இதையும் சொல்லுங்கள்.”

சொன்னார்.